பதினொராவது ஆளுக்கும் ஒரு ஓவர்



எங்கள் ஊர்களின் வார இறுதிக் கிரிக்கெட் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நீளமான பதிவுதான். கோபம் வருகிறவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

சொல்ல வருவது இதுதான். ஊர் அணியின் சனிக்கிழமைப் போட்டி, அந்த அணியில் ஆகத் திறமை குறைந்த ஆளுக்காக நடக்க வேண்டும். பதினொராவதாக இறங்குகிறானே, பந்தை எறிந்தால் விக்கெட் காப்பாளருக்கு இரண்டு தரம் குத்தித்தான் போகுமே, அவனுக்காக. நல்லா ஆடுகிறவனுக்கு ஆயிரம் வழி உண்டு. இவனுக்கு இந்த ஒரு மைதானம்தான் உண்டு. அதையும் நாங்கள் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எப்படி எடுக்கிறோம் என்று பார்ப்போம்.

கிழக்குக் கரையோரத்தில் எந்த ஊரை எடுத்தாலும் இரண்டு மூன்று விளையாட்டுக் கழகமாவது இருக்கும். முன்பெல்லாம் சனி, ஞாயிறு அஸர் தொழுதுவிட்டு வந்தால் மைதானத்தில் ஒரு போட்டி இருக்கும். மேலத்தெரு, கீழத்தெரு. கலியாணம் முடித்தவர்கள், முடிக்காதவர்கள். மழை காலத்தில் மைதானம் குளமாகிவிடும். வேளாண்மை வெட்டிய பிறகு வயலே மைதானமாகிவிடும். பந்து காணாமல் போனால் தேடி எடுக்கும்வரை போட்டி நிற்கும். யார் வென்றது என்று இஷாவுக்குப் பிறகும் சண்டை நடக்கும். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் ஆடியிருப்பார்கள்.

இப்போது சனிக்கிழமை என்றால் சுற்றுப்போட்டி. ஐந்து ஓவர், நொக்அவுட், பணப்பரிசு, ஒலிபெருக்கி, பேஸ்புக் நேரலை. கிண்ணம் எங்கள் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளையின் இடுப்பளவுக்கு நிற்கும். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் தம்பிமார் வியர்வை சிந்திய காசில் ஜெர்சி அடித்து அனுப்புகிறார்கள். இதெல்லாம் நல்லதுதான். பிரச்சினை அந்த ஜெர்சியை யார் போடுகிறார் என்பதில் இருக்கிறது.

பரிசுத்தொகை கூடக் கூட வெளியூர் வீரரும் கூடுகிறார். "கெஸ்ட் பிளேயர்" என்று அழகான பெயர் வைத்திருக்கிறோம். காலையில் ஒரு ஊருக்கு ஆடுவார், பின்னேரம் இன்னொரு ஊருக்கு ஆடுவார், அடுத்த கிழமை எங்களுக்கு எதிராகவே வந்து நிற்பார். அவரில் பிழை இல்லை. அவருக்குத் திறமை இருக்கிறது, கூப்பிட்டால் வருகிறார், கொடுத்தால் வாங்குகிறார். கூப்பிடுவது நாங்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஐந்து ஓவர் என்றால் ஒரு அணிக்கு 30 பந்து. முதலில் இறங்குகிற இருவரும் வெளியூரார். மூன்றாவது ஆளும் வெளியூரார் என்றால் அந்த 30 பந்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு எத்தனை மிஞ்சும்? பந்துவீச்சிலும் ஐந்து ஓவர்தான். அதில் முக்கியமான ஓவர்களை வெளியூரார் வீசிவிடுவார். மிச்சமிருக்கும் எங்கள் பொடியனுக்கு ஒரே வேலை, எல்லைக்கோட்டில் நின்று பந்து பொறுக்குவது. நொக்அவுட் முறையில் 32 அணி வந்தால் முதல் சுற்றோடு 16 அணி வீட்டுக்குப் போக வேண்டும். அப்படித் தோற்ற அணியில் இருந்த பிள்ளையின் இரண்டு நாள் வார இறுதி எவ்வளவு தெரியுமா? 30 பந்துக்குக் களத்தடுப்பு. அவ்வளவுதான். ஒரு பந்தும் ஆடவில்லை, ஒரு பந்தும் வீசவில்லை. ஜெர்சி மட்டும் போட்டான்.

சில ஊர்களில் அந்த ஜெர்சியும் இல்லை. அவன் வெளியே நின்று தண்ணீர்ப் போத்தல் தூக்குகிறான், மோட்டார் சைக்கிளுக்குக் காவல் நிற்கிறான், நேரலைக்குப் போன் பிடிக்கிறான்.

ஊரில் படிப்பிக்கும் எங்களுக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், அந்தப் பிள்ளையை நாங்கள் திங்கட்கிழமை வகுப்பில் பார்க்கிறோம். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் வீட்டுக்கும் சந்திக்கும் இடையில் நடக்கும்போதும் பார்க்கிறோம். பதினாறிலிருந்து பத்தொன்பது வரையான அந்த வயதுதான் எங்கள் ஊர்களில் இப்போது ஆகப் பயமான வயது. ஐஸ், மாத்திரை என்று வாப்பாமார், உம்மாமார் இரவில் தூங்காமல் இருக்கும் வீடுகள் எத்தனை என்று ஊருக்கே தெரியும்.

கிரிக்கெட் ஆடினால் போதை ஒழியும் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிச் சொல்லியே நிறைய சுற்றுப்போட்டி நடத்திவிட்டோம். "போதையற்ற சமூகம்" என்று பெனர் கட்டிவிட்டு, அந்த வயதுப் பிள்ளைகளை பெனருக்குப் பின்னால் நிற்க வைத்தோம். நாங்கள் சொல்வது அதைவிடச் சின்ன விஷயம். அணியில் பெயர் உள்ளவன் ஒரு சனிக்கிழமை வரவில்லை என்றால் பத்துப் பேர் தேடுவார்கள். "டேய், எங்கடா அவன்? போன கிழமையும் வரல்லையே" என்று ஒருவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கிறவன் வரவில்லை என்றால் யாருக்கும் தெரியாது. வந்தாலும் தெரியாது, வராவிட்டாலும் தெரியாது. ஒரு பிள்ளை கையை விட்டுப் போவது அப்படித்தான் தொடங்குகிறது.

ஓவர் வீசுகிறவனை எல்லாருக்கும் தெரியும். ஒரு ஓவரில் 20 ஓட்டம் கொடுத்தவனையும் தெரியும். அவனை ஒரு கிழமை முழுக்கப் பகிடி பண்ணுவார்கள். பகிடி பண்ணுவதற்காவது அவன் இருக்கிறான் என்று ஊருக்குத் தெரிகிறதே, அதுவே பெரிய விஷயம்.

இனி, இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களைப் பார்ப்போம். சிலவற்றில் உண்மை இருக்கிறது.

முதலாவது, "வெளியூர் வீரர் வந்தால் தரம் உயரும், எங்கட பொடியனுகள் பார்த்துப் படிப்பாங்க" என்பது. பார்த்துப் படிப்பதென்றால் தொலைக்காட்சியிலேயே படிக்கலாம். 1996 மார்ச் 17 லாகூரில் இலங்கை உலகக் கிண்ணம் வென்றதிலிருந்து நாடே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. கிரிக்கெட் கைக்கு வருவது ஆடினால்தான்.

லசித் மாலிங்கவை எடுத்துக்கொள்ளுங்கள். காலிக்குப் பக்கத்தில் ரத்கம என்ற ஊர். கடற்கரையிலும் தென்னந்தோப்பிலும் கூட்டாளிமாரோடு மென்பந்து ஆடிய பிள்ளை. கையைப் பக்கவாட்டில் வீசுகிற அந்தப் பாணி அங்கே வந்ததுதான். பதின்ம வயதின் பிற்பகுதி வரை அவர் கடினப்பந்தை முறையாகத் தொடவில்லை. பிறகுதான் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் சம்பக ராமநாயக்கவின் கண்ணில் பட்டார். 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக நான்கு பந்தில் நான்கு விக்கெட் எடுத்தார். 2014 இல் டாக்காவில் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தைத் தலைவராகத் தூக்கினார். இந்தக் கதையில் எல்லாரும் ராமநாயக்கவைச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முதல், அந்தக் கூட்டாளிமார் அவர் கையில் பந்தைக் கொடுத்தார்களே! இப்படி வளைத்து எறிகிறானே என்று யாரும் அவரை எல்லைக்கோட்டுக்கு அனுப்பவில்லை. காசு கொடுத்து வெளியூரிலிருந்து ஒரு வேகப்பந்து வீச்சாளரைக் கூட்டி வந்திருந்தால் அந்தக் கையில் பந்து கிடைத்திருக்குமா?

தரம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் சமூகத்திலிருந்து தேசிய அணிக்குப் போனவர்களைப் பாருங்கள். 2006 சாம்பியன்ஸ் கிண்ணத்தில் மும்பையில் மேற்கிந்தியத் தீவுகளை 14 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்துச் சுருட்டிய பர்வீஸ் மஹ்ரூப் கொழும்பு வெஸ்லி கல்லூரியில் ஆடி வந்தவர். ஜெஹான் முபாரக் ரோயல் கல்லூரி. அவர்கள் போன பாதை பாடசாலைக் கடினப்பந்து. ஐந்து ஓவர் மென்பந்துக் கிண்ணத்தால் தேசிய அணிக்கு ஆள் அனுப்பப்போகிறோம் என்று யாராவது சொன்னால், அது நடக்கிற காரியம் அல்ல. உண்மையாகவே திறமையான பிள்ளை இருந்தால் அவனுக்குத் தேவை பாடசாலையில் ஒரு கடினப்பந்து அணி, கொங்கிரீட் பிட்ச், விரிப்பு, காலுறை, தலைக்கவசம், ஒரு பயிற்றுவிப்பாளர். ஒரே ஒரு சுற்றுப்போட்டிக்கு வெளியூர் வீரருக்குக் கொடுக்கும் பணத்தை வருடக்கணக்கில் சேர்த்தால் அதற்கு ஒரு தொடக்கமாவது போடலாம்.

இரண்டாவது நியாயம், "சுற்றுப்போட்டியால கழகத்துக்கு வருமானம்." இது உண்மை. அந்தப் பணத்தில் மைதானத்துக்கு மண் போட்டிருக்கிறோம், நோயாளிக்கு உதவியிருக்கிறோம், வறிய பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அதனால் சுற்றுப்போட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு தரம், பெருநாளையொட்டி, பெரிதாக நடத்துவோம். வெளியூர் வீரரும் வரட்டும், அணிக்கு ஒருவர் இருவரோடு நிற்கட்டும். எல்லா அணியிடமும் நுழைவுக் கட்டணம் சேர்த்து அதையே பரிசாகக் கொடுப்பது பற்றி உலமாக்கள் எச்சரித்து வருகிறார்கள். அதை ஊர் மௌலவிமாரிடம் உட்கார்ந்து பேசித் தெளிவாக்கிக்கொள்வது எல்லாருக்கும் நல்லது. மற்றச் சனிக்கிழமைகளை மட்டும் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

மூன்றாவதுதான் உண்மையான காரணம். யாரும் வெளியே சொல்வதில்லை. "பக்கத்து ஊரான் வெளி ஆள் இறக்கிறான், நாங்க மட்டும் தோற்கவா?"

ஆம். தோற்போம். தோற்றால் என்ன?

நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் அள்பா என்று ஒரு ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒரு நாள் கிராமத்து அறபி ஒருவர் ஒரு இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்குத் தாங்க முடியவில்லை. முகம் வாடிவிட்டது. உலகத்தில் உயருகிற எதையும் அல்லாஹ் ஒரு நாள் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தை நபியவர்கள் அப்போது சொன்னார்கள். புகாரியில் இருக்கிற செய்தி. பள்ளியில் பயானாக எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். நபியவர்களின் ஒட்டகமே முந்தப்பட்டது. எங்கள் கழகம் பக்கத்து ஊரிடம் ஏழு விக்கெட்டால் தோற்றால் வானம் இடிந்து விழாது.

தோற்கத் தெரியாத பிள்ளையை நாங்கள் வகுப்பிலும் பார்க்கிறோம். ஒரு பாடத்தில் சித்தியடையாவிட்டால் புத்தகத்தையே மூடி வைத்துவிடுகிறான். சனிக்கிழமை தோற்று, ஞாயிற்றுக்கிழமை அதே அணியோடு திரும்ப ஆடிப் பழகியவன் அப்படி மூடி வைக்க மாட்டான். தோற்கப் பயந்து ஆள் வாடகைக்கு எடுக்கிற பெரியவர்களைப் பார்த்து வளர்கிற பிள்ளை வேறு என்ன படிப்பான்?

இன்னொரு பக்கம் சில பெரியவர்கள், "மைதானமே வேணாம், எல்லாம் வீண் விளையாட்டு" என்கிறார்கள். அவர்களின் கவலை எங்களுக்கு விளங்குகிறது. மஃரிப் பாங்கு சொல்லும்போதும் ஒலிபெருக்கியில் வர்ணனை ஓடினால் யாருக்கும் மனம் கசக்கும். ஆனால் அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாட, நபியவர்கள் ஆயிஷா நாயகிக்கு அதைக் காட்டிக்கொண்டு நின்றார்கள் என்பதும் ஹதீஸ்தான். விளையாட்டைத் தடுப்பதைவிட அதை நேரத்துக்குள் கொண்டுவருவது இலகு. மைதானத்துக்கு வராத பிள்ளை பள்ளிக்குத்தான் வருவான் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

சரி, என்ன செய்யலாம்? குறை சொல்லிவிட்டுப் போவது இலகு. ஒரு திட்டம் சொல்கிறோம். இதைவிட நல்லது இருந்தால் அதைச் செய்வோம்.

ஒன்று. சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பத்து ஓவர் போட்டி. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலம் இருக்கிறது. இரண்டு அணிக்கும் சேர்த்து 120 பந்து. வீண் பேச்சுப் பேசாமல் ஆடினால் பாங்குக்கு முதல் கை கால் கழுவவும் நேரம் மிஞ்சும்.

இரண்டு. ஊர்க்காரர் மட்டும். ஊர்க்காரர் யார் என்ற சண்டை வேண்டாம். இங்கே பிறந்தவர், இங்கே இருப்பவர், இங்கே வேலைக்கு வந்தவர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். ஆகவே கலியாணம் முடித்து வந்த மருமகன்மாரும் எங்கள் ஆட்கள்தான். நல்ல பந்துவீச்சாளர் வேண்டுமென்றால் அந்த வழியில் கொண்டு வாருங்கள், யாரும் மறுக்க மாட்டோம்.

மூன்று. பத்து ஓவரைப் பத்துப் பேர் வீச வேண்டும். ஆளுக்கு ஒன்று. பதினொராவது ஆள் விக்கெட் காப்பாளர். கணக்குச் சரியாக வருகிறது பாருங்கள். இது புதுமையான விஷயமும் அல்ல. உள்ளரங்கக் கிரிக்கெட்டில் எட்டுப் பேரும் ஆளுக்கு இரண்டு ஓவர் வீசியே ஆக வேண்டும், ஒவ்வொரு சோடியும் நான்கு ஓவர் ஆட வேண்டும். சர்வதேச ஒருநாள், இருபது ஓவர் போட்டிகளிலேயே ஒருவர் மொத்த ஓவரில் ஐந்திலொன்றுக்கு மேல் வீச முடியாது. நாங்கள் அதைக் கொஞ்சம் நீட்டுகிறோம், அவ்வளவுதான்.

நான்கு. 25 ஓட்டம் எடுத்தவர் வெளியே வந்து மற்றவருக்கு இடம் கொடுக்க வேண்டும். எல்லாரும் ஆடி முடிந்து ஓவர் மிஞ்சினால் திரும்ப இறங்கலாம். இந்தக் கிழமை கடைசியாக இறங்கியவர் அடுத்த கிழமை முதலாவதாக இறங்க வேண்டும்.

ஐந்து. ஸ்கோர் புத்தகம். போனில் இருந்தாலும் சரி, கையால் எழுதும் புத்தகம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அதை எழுதும் பொறுப்பு பாடசாலைப் பிள்ளை ஒருவருக்கு. 10 ஓவரில் 73 ஓட்டம் என்றால் ஓவருக்கு எத்தனை என்று மனக்கணக்கில் சொல்கிற பிள்ளைக்கு வகுத்தலையும் தசமத்தையும் நாங்கள் தனியாகப் படிப்பிக்கத் தேவையில்லை. அதைவிட முக்கியம், அந்தப் புத்தகத்தில் எல்லாருடைய பெயரும் இருக்கும். பத்து வருடம் கழித்துத் திறந்து பார்த்தாலும் இருக்கும். யார் மூன்று கிழமையாக வரவில்லை என்பதும் அதில் தெரியும். தெரிந்தால் யாராவது போய்ப் பார்க்கலாம்.

ஆறு. நடுவர் வேலை மூத்தவர்களுக்கு. முழங்கால் போய்விட்டது என்று வீட்டில் இருக்கும் பழைய அணித்தலைவர்மார் எல்லா ஊரிலும் உண்டு. காக்காமாரே, நீங்கள் வெள்ளைத் தொப்பி போட்டு வந்து நின்றால் பாதிச் சண்டை தானாக ஓய்ந்துவிடும்.

இதில் நட்டமே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அருமையாக அடிக்கிற ஒருவன் 25 இல் வெளியே வர வேண்டியிருக்கும். அவனுக்கு மனவருத்தமாகத்தான் இருக்கும். பார்க்கிறவர்களுக்கும் சிக்ஸர் குறையும். கடைசி ஓவருக்கு ஆறு ஓட்டம் தேவை என்கிற நேரத்தில், ஓவர் வீசாமல் மிஞ்சியிருக்கிற ஒரே ஆள் அந்தப் பதினொராவது பொடியனாக இருப்பான். மைதானமே தலையில் கை வைக்கும். அவன் அகலப்பந்து போடுவான். தோற்போம்.

சில நேரம் வெல்லவும் செய்வோம். அப்படி ஒரு ஓவரை வீசிவிட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளையின் வீட்டில் அன்றிரவு என்ன பேச்சு நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவன் வாப்பா அடுத்த சனிக்கிழமை கடையைக் கொஞ்சம் முன்னதாகவே பூட்டிவிட்டு மைதானத்துக்கு வருவார். வெளியூர் வீரர் அடிக்கும் சிக்ஸரைப் பார்க்க அவர் ஒருநாளும் வந்ததில்லை.

கழக நிர்வாகிகள், பள்ளிவாசல் நிர்வாகம், பழைய மாணவர்கள், வெளிநாட்டில் இருக்கும் தம்பிமார் எல்லாருக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த சுற்றுப்போட்டிக்கு அனுசரணை கேட்டு யாராவது வந்தால் கொடுங்கள். கொடுப்பதற்கு முதல் ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கட ஊர்ப் பொடியனுகள் எத்தனை பேர் ஆடுறாங்க?" பதில் எட்டுக்குக் குறைந்தால் அந்தக் காசுக்கு இரண்டு பெட்டும் ஒரு பெட்டி பந்தும் வாங்கி, சனிக்கிழமை அஸருக்குப் பிறகு மைதானத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஆட ஆள் இருக்கிறது. எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறார்கள்.